துடைச்சதுதான் தப்பு

வீட்டுல ட்ரைப்ளை கடாய் இருந்தா, அதோட விளிம்பை ஒரு தடவை உத்துப் பாருங்க. பெரும்பாலும் உள்ளே ஸ்டீல், வெளியே ஸ்டீல், நடுவுல அலுமினியம். இந்த மூணையும் பிடிச்சு வச்சிருக்கறது பசை இல்ல. தகடுகளை அடுக்கி, ரெண்டு உருளைக்கு நடுவுல விட்டு நசுக்கி ஒட்ட வைக்கறாங்க. இதுக்குப் பேர் ரோல் பாண்டிங்.

போன மாசம் அப்படி ஒரு கடாய் வாங்கினேன். கூடவே காலேஜ் ஞாபகமும் வந்துடுச்சு.

ஜப்பான்ல ஒசாகா பல்கலைக்கழகத்துல சைட்டோ, சுஜி குழு 1990-களோட கடைசியில ஒரு முறையைக் கொண்டுவந்தாங்க. ரெண்டு தகட்டை அடுக்கி, மொத்தத் தடிமன் பாதியாகற மாதிரி உருட்டணும். வெட்டி, மறுபடி அடுக்கி, மறுபடி உருட்டணும். 10 சுற்று போனா 1024 அடுக்கு! கோடிங் பண்றவங்களுக்கு அந்த நம்பரைப் பார்த்தாலே ஒரு குஷி. ஃபைனல் இயர்ல நானும் என் பார்ட்னரும் அலுமினியத்துல அதைச் செய்யக் கிளம்பினோம்.

முதல் சுற்றையே தாண்டல. ரிவ்யூ அன்னைக்கு எக்ஸ்டர்னல் நகத்தால நெம்பினாரு, தகடு பிரிஞ்சு வந்துடுச்சு. "மில் பழசு சார், லோட் சரியா வரல"ன்னு நான் சொன்னேன். எங்களுக்காகச் சனிக்கிழமைகள்ல வந்து மில் ஓட்டின லேப் அண்ணா பக்கத்துலதான் நின்னுட்டிருந்தாரு. ஒண்ணும் பேசல.

சரி, உண்மையில என்ன நடந்துச்சு? அலுமினியம் காத்து பட்ட உடனே மேல ஆக்சைடு படலம் கட்டிக்கும். சில நானோமீட்டர்தான், ஆனா அது நடுவுல இருக்கற வரைக்கும் உலோகமும் உலோகமும் தொட்டுக்காது. அதனால முதல்ல அசிட்டோன் போட்டு எண்ணெயை எடுக்கணும். அப்புறம் கம்பி பிரஷ்ல நல்லா தேய்க்கணும். தேய்க்கறது அழுக்கு எடுக்கன்னுதான் நான் நினைச்சிருந்தேன். அது பாதிதான் சரி. தேய்க்கும்போது மேல்பரப்பு இறுகி, கடினமான ஒரு தோல் மாதிரி ஆகிடுது. உருளைக்குள்ள போனா தகடு நீளும். அந்தத் தோலால நீள முடியாது, வறண்ட ஏரி மண் மாதிரி வெடிக்கும். அந்த வெடிப்பு வழியா கீழே இருக்கற புது உலோகம் பிதுங்கி வந்து, எதிர்ப்பக்கம் பிதுங்கி வர்ற உலோகத்தோட சேர்ந்துக்கும். தடிமன் பாதியானா பரப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. அதாவது ஒட்டற இடத்துல கிட்டத்தட்ட பாதி அப்பத்தான் பிறந்த உலோகம். அறை வெப்பநிலையில, தடிமன் போதுமான அளவு குறையலைன்னா எவ்வளவு தேய்ச்சும் பிரயோஜனம் இல்ல.

தேய்ச்சதுக்கு அப்புறம் அந்தப் பரப்புல விரல் ரேகைகூடப் படக்கூடாது, ரொம்ப நேரம் காத்திருக்கவும் கூடாது. லேப் அண்ணா ட்ரையல் துண்டை அப்படித்தான் தேய்ச்ச கையோட மில்லுல விட்டாரு. நல்லா ஒட்டுச்சு. "தேய்ச்சப்புறம் தொடாதீங்க தம்பி"ன்னும் சொன்னாரு. நான் என்ன பண்ணேன்? ரிவ்யூ சாம்பிளாச்சே, இன்னும் சுத்தமா இருக்கட்டும்னு தேய்ச்ச பரப்பை மறுபடி அசிட்டோன்ல நனைச்ச காட்டன் வேஸ்ட்டால துடைச்சேன். அந்தப் பஞ்சுல இருந்த எண்ணெய் அசிட்டோன்ல கரைஞ்சு, பிரஷ் போட்ட பள்ளமெல்லாம் பரவி, அசிட்டோன் மட்டும் ஆவியாகிடுச்சு. மில்லுக்கும் லோடுக்கும் இதுல சம்பந்தமே இல்ல.

பார்ட்னர்கிட்ட நம்பர் வாங்கி அண்ணாவுக்கு போன் பண்ணேன். ரிட்டயர் ஆகி ஊர்ல இருக்காரு. தப்பு என்னோடதுதான்னு சொன்னேன்.

"நீங்க துடைச்சதை நான் பார்த்தேன் தம்பி. எக்ஸ்டர்னல் முன்னாடி அதை எப்படிச் சொல்றது?"ன்னாரு.

மன்னிப்பு கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, கடாய் என்ன விலைன்னு கேட்டாரு. சொன்னதும், ஏமாந்துட்டீங்கன்னாரு.