தகர டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?



புக்கிட் மேராவில் இரண்டு கார் உலகங்கள் அருகருகே இருக்கின்றன. லெங் கீ சாலையிலும் அலெக்சாண்டிரா சாலையிலும் புதுக்கார்க் காட்சிக்கூடங்கள் கண்ணாடி மாளிகைகளாக மின்னுகின்றன. சற்றுத் தள்ளி அலெக்சாண்டிரா வில்லேஜ் பக்கம் போனால், எண்ணெய்க் கறை படிந்த தரையோடு பழுதுபார்க்கும் பட்டறைகள். காரை அங்கே விட்டுவிட்டு, பக்கத்து உணவங்காடி நிலையத்தில் சாப்பிட்டு வருவதற்குள் எஞ்சின் ஆயில் மாற்றும் வேலை முடிந்திருக்கும்.

ஆனால் புதுக்கார் வாங்கியவர்கள் பல ஆண்டுகள் அந்தப் பட்டறைகளுக்குப் போகத் தயங்கினார்கள். வெளியில் சர்வீஸ் செய்தால் உத்தரவாதம் செல்லாது என்று விற்பனை நிறுவனங்கள் நிபந்தனை வைத்திருந்ததே காரணம். அப்போதைய சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை ஆணையம் தலையிட்ட பிறகு நிறுவனங்கள் அந்த நிபந்தனையை நீக்கின. 2017 டிசம்பரில் ஆணையம் இதை அறிவித்தது. அதே நேரத்தில் ஒன்றை மறந்துவிடக்கூடாது. வெளிப் பட்டறையில் செய்த வேலையால்தான் பழுது வந்தது என்றால், உத்தரவாதக் கோரிக்கையை நிறுவனம் மறுக்க இடமுண்டு.

ஆக, தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தது. சரியாகத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் கூடவே வந்து சேர்ந்தது.

பட்டறையில் அடிக்கடி நடக்கும் உரையாடல் இது:

"அண்ணே, ஒரிஜினல் பில்டர் போடவா, சாதா போடவா?"

"விலை எவ்வளவு வித்தியாசம் தம்பி?"

"சில வெள்ளிதான்."

"அப்ப சாதாவே போடு."

கேள்வியும் விலையோடு நின்றுவிட்டது, பதிலும் விலையோடு நின்றுவிட்டது. அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று இருவருமே பேசவில்லை.

எஞ்சினின் சிறுநீரகம்

1923ஆம் ஆண்டு அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட் காருக்கான எண்ணெய் வடிகட்டியை உருவாக்கினார். அடுத்த ஆண்டே கிரைஸ்லர் கார்களில் அது இடம்பெற்றது. இன்று பெட்ரோல், டீசல் எஞ்சின் உள்ள கார்களில் அது இல்லாத காரைப் பார்ப்பது அரிது. மனித உடலுக்குச் சிறுநீரகம் எப்படியோ, எஞ்சினுக்கு இது அப்படி.

எஞ்சினின் அடியில் உள்ள தொட்டியிலிருந்து பம்ப் எண்ணெயை உறிஞ்சி வடிகட்டிக்கு அனுப்புகிறது. ஓரத்துச் சிறு துளைகள் வழியே நுழையும் எண்ணெய், விசிறி மடிப்பாக அடுக்கப்பட்ட காகிதத்தைக் கடந்து, நடுவில் உள்ள பெரிய துளை வழியே எஞ்சினுக்குப் போகிறது. உலோகத் துகளும் கரித்தூளும் காகிதத்தில் தங்கிவிடுகின்றன.

வடிகட்டியை அறுத்துப் பார்த்தால்தான் தரத்தின் வேறுபாடு தெரியும். வெளியே எல்லாம் பளபளக்கும் தகரம்தான். உள்ளே கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, காகிதம். மலிவு வகைகளில் பெரும்பாலும் மரக்கூழ்க் காகிதம் இருக்கும். உயர்ந்த வகைகளில் செயற்கை இழையோ இரண்டின் கலவையோ இருக்கும். மடிப்புகள் ஒரே சீராக இருக்கின்றனவா, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றனவா என்பது முக்கியம். மடிப்பு நிறைய இருந்தால் மட்டும் தரம் வந்துவிடாது. மிக நெருக்கமாக இருந்தால் எண்ணெய் உள்ளே புகவே இடமிருக்காது.

இரண்டாவது, காகிதத்தின் இரு முனைகளையும் மூடும் தட்டு. சிலவற்றில் உலோகம், சிலவற்றில் கெட்டி அட்டை. அட்டை என்றாலே மட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பசை இடைவெளியின்றி ஒட்டியிருந்தால் அட்டையும் வேலை செய்யும். பசை விட்டுப்போனால் உலோகத் தட்டிலும் எண்ணெய் வடிகட்டப்படாமல் ஓரமாக நழுவிவிடும்.

மூன்றாவது, எண்ணெய் திரும்பி ஓடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு. எஞ்சினை நிறுத்திய பிறகும் வடிகட்டிக்குள் எண்ணெயைப் பிடித்து வைப்பது இதுதான். சாதாரண நைட்ரைல் ரப்பர் நாளடைவில் சூட்டில் இறுகிவிடும். சிலிக்கான் ரப்பர் அதைவிட நெடுநாள் தாங்கும். இந்த வால்வு கெட்டால், இரவெல்லாம் எண்ணெய் கீழே வடிந்துவிடும். காலையில் காரைக் கிளப்பியதும் சில விநாடிகள் 'டகடக' என்று சத்தம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தச் சில விநாடிகள் எஞ்சினின் மேல்பகுதி போதிய எண்ணெயின்றி உராய்கிறது.

நான்காவது, மாற்றுவழி வால்வு. காகிதம் அடைத்துக்கொண்டால், அல்லது எண்ணெய் மிகவும் கெட்டியாக இருந்தால், இது திறந்து வடிகட்டாத எண்ணெயையே எஞ்சினுக்கு அனுப்பும். எண்ணெயே இல்லாமல் ஓடுவதைவிட அழுக்கு எண்ணெய் மேல் என்ற கணக்கு. எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். சில எஞ்சின்களில் இந்த வால்வு எஞ்சினிலேயே இருக்கும். அதனால்தான் மரை ஒத்துப்போய் வடிகட்டி அழகாகப் பொருந்திவிட்டால் மட்டும் அது சரியான வடிகட்டி ஆகிவிடாது.

பெட்டியில் எழுதியிருப்பது

பெட்டியில் '20 மைக்ரான்' என்று போட்டிருக்கும். மனிதத் தலைமுடியின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான். அப்படியானால் அபாரமான வடிகட்டி என்று தோன்றும். ஆனால் 20 மைக்ரான் துகள்களில் பாதியைப் பிடித்தாலும் அப்படி எழுதலாம், நூற்றுக்கு 99ஐப் பிடித்தாலும் எழுதலாம். எத்தனை மைக்ரானில் எத்தனை விழுக்காடு, ஐஎஸ்ஓ 4548-12 சோதனைப்படியா என்று சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

இவ்வளவு கவனம் தேவையா என்று கேட்கலாம். சிங்கப்பூரில் தேவை. 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான வாகன உரிமைச் சான்றிதழ்க் கட்டணமே 106,000 வெள்ளியைத் தொட்டது. அந்தச் சான்றிதழ் பத்து ஆண்டுகளுக்குத்தான். அந்தப் பத்து ஆண்டும் எஞ்சின் நல்லபடி உழைக்க வேண்டும். சான்றிதழைப் புதுப்பிக்க நினைப்பவருக்கு அதற்குப் பிறகும் உழைக்க வேண்டும். நின்று நின்று நகரும் போக்குவரத்து, குறுந்தூரப் பயணம் ஆகியவற்றைக் கார்க் கையேடுகளே கடினமான பயன்பாடு என்கின்றன.

அதற்காக விலை கூடியதுதான் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. சரியான எண் கொண்ட, நம்பகமான நிறுவனத்தின் நடுத்தர விலை வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றினால் பெரும்பாலான கார்களுக்கு அதுவே போதும். மிக உயர்ந்த வடிகட்டியை வாங்கி, தவணை கடந்தும் மாற்றாமல் ஓட்டுவதில் பயனில்லை.

பட்டறையில் நிற்கும் அந்த ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடியவை இவை. புதிய வடிகட்டியின் பெட்டியை வாங்கி, எண் தமது காருக்கு உரியதுதானா என்று பார்க்கலாம். பழைய வடிகட்டியின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம். அதன்மேல் புதியதைப் பூட்டினால் எண்ணெய் கொட்டிவிடும். வடிகட்டியின் பெயரும் எண்ணும் ரசீதில் இருக்கட்டும். நாளைக்கு உத்தரவாதப் பிரச்சினை எழுந்தால், அந்தத் துண்டுக் காகிதம்தான் கார்க்காரர் பக்கம் பேசும்.

"எது மலிவு தம்பி?" என்று கேட்டவர் அடுத்த முறை, "உள்ளே வால்வு என்ன ரப்பர் தம்பி? எண்ணை ரசீதில் எழுதிக் கொடு" என்று கேட்கட்டும். கேட்கிற வாடிக்கையாளர் இருந்தால், பட்டறைக்காரரும் நல்ல பொருளை எடுத்து வைப்பார்.