புதுக்கடையில் ஒரு தாயின் ஐயம்

கொட்டாஞ்சேனையிலிருந்து புதுக்கடை நீதிமன்றங்களுக்குக் கால்நடையாகவே சென்றுவிடலாம். விளக்கமறியலில் இருக்கும் மகனுக்காக நடக்கும் ஏழைத் தாய்க்கோ அது நெடுந்தூரம். வெள்ளவத்தையில் வசதியோடு வாழும் குடும்பமாயின், பேர்பெற்ற சட்டத்தரணி ஒருவரை அமர்த்திக்கொள்ளும். அவளுடைய மகனுக்கு மேல் நீதிமன்றம் அரசின் செலவில் ஒருவரை நியமிக்கிறது. அதைக் கேட்டு அவள் மகிழவில்லை, அஞ்சுகிறாள். "வழக்குப் போட்டதும் அரசாங்கம், வக்கீல் தந்ததும் அரசாங்கம். இவர் எங்கள் பக்கம் பேசுவாரா?"

நேயர்களே, இந்த ஐயத்தைப் பேதைமை என்று தள்ளிவிட முடியாது. மக்கள் வழக்கில் இருவருக்கும் 'அரசாங்க வக்கீல்' என்ற பெயரே வழங்குகிறது. ஆனால் சட்டமா அதிபர் சார்பில் குற்றத்தை நிலைநாட்ட வருபவர் அரச சட்டத்தரணி. நீதிமன்றம் நியமித்தவரோ, எதிரிக்காக மட்டுமே வாதாடக் கடமைப்பட்டவர். கட்டணத்தைக் கொடுப்பவர் யாராயினும், அவருடைய கட்சிக்காரர் கூண்டில் நிற்பவரே.

1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் இதற்குக் காவல் இட்டிருக்கிறது. கட்சிக்காரர் தொழில்முறையில் சொன்னதை அவருடைய சம்மதமின்றிச் சட்டத்தரணி வெளியிடலாகாது. சட்டத்தரணியின் மொழிபெயர்ப்பாளரும் எழுதுவினைஞரும் இக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர்களே. இனிச் செய்யப்போகும் குற்றத்துக்குத் துணை தேடிச் சொன்னதற்கு மட்டும் இப்பாதுகாப்பு இல்லை.

இதையறியாதவர்கள் அச்சத்தால் உண்மையை மறைக்கிறார்கள். சச்சரவு நடந்த இடத்துக்கு மகன் போனது உண்மை. அடித்தவன் அவனல்லன் என்று வைத்துக்கொள்வோம். "அங்கே போகவேயில்லை" என்று சட்டத்தரணியிடம் சொல்லிவிடுகிறான். விசாரணையில் அயலவர் ஒருவர் அவனை அங்கே கண்டதாகச் சாட்சி சொல்கிறார். அந்த நொடியில் அவனுடைய நல்ல எதிர்வாதமும் நம்பிக்கை இழந்துபோகிறது. காப்பாற்ற வந்தவரே திகைத்து நிற்கிறார்.

மொழியும் ஒரு தடை. சட்டத்தரணிக்குத் தமிழ் தெரியாவிடில், 'விளங்கியது' என்று தலையசைப்பது பேராபத்து. நீதிமன்ற மொழி அறியாதவருக்கு அரசு உரைபெயர்ப்பு அளிக்க வேண்டும் என்பதை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை கூறுகிறது. நல்லரத்தினம் சிங்கராசா வழக்கு நினைவுக்கு வருகிறது. சிங்களத்தில் எழுதப்பட்டு, அவருடைய பெருவிரல் அடையாளம் இடப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டே 1995இல் அவருக்கு 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைந்தது. 2004இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு, அவருடைய உரிமைகள் மீறப்பட்டதாக முடிவு கூறியது.

நியமனம் பெற்றவருக்குக் கிடைக்கும் ஊதியம் சிறிது, நேரம் அதனினும் சிறிது. பேச்சு முழுவதும் நீதிமன்றத் தாழ்வாரத்திலேயே முடிந்துவிடுவதும் உண்டு. அது குறைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆதலால் அந்தத் தாய் வெறுங்கையோடு போகலாகாது. கைது செய்த நாள், மகன் வேலைசெய்த இடத்தின் வரவுப் பதிவு, மருத்துவத் துண்டு, கண்டவர்களின் பெயர்கள் ஆகியவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுக்கலாம். மூலப்பத்திரங்களின் பிரதிகளைத் தன்னிடம் வைத்துக்கொள்வது நன்று. நியமிக்கப்பட்டவர் வராதிருந்தால், அந்தத் தவணையிலேயே எதிரி நீதிபதியிடம் அதைச் சொல்லலாம்.

நீதவான் நீதிமன்ற வழக்காயின் சட்டத்தரணி தாமாக வந்து சேர்வார் என்று காத்திருத்தல் கூடாது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்கள் அங்கே விண்ணப்பிக்கலாம். அதன் தலைமை அலுவலகமும் அவள் நடந்து செல்லும் அதே புதுக்கடையில்தான் இருக்கிறது.