ஓடும் மெருகு: கனடாவின் பழைய மண்பாண்டங்கள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஜார்ஜியன் விரிகுடாவின் தென்கரையில் காலிங்வுட் என்ற சிறு நகரம் இருக்கிறது. பழம்பொருள் சேர்ப்பவர்கள் விரும்பித் தேடும் ‘ப்ளூ மவுண்டன்’ மண்பாண்டங்கள் இங்கேதான் உருவாயின. செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து குடியேறிய யோசோ வைடர் 1941-இல் இந்நகருக்கு அருகே ஒரு பனிச்சறுக்கு மையத்தைத் தொடங்கினார். பின்னர் தம் நாட்டவரான டெனிஸ் டூப்பியுடன் சேர்ந்து மண்பாண்டத் தொழிலையும் வளர்த்தார்.

அடர்பச்சையில் கருமையும் வெளிர்நிறமும் வழிந்தோடும் மெருகுதான் இந்தப் பாண்டங்களின் அடையாளம். கூழாகக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச, உட்சுவரில் மண் படிந்து கெட்டியாகும். மிஞ்சிய கூழை வடித்துவிடுவார்கள். உலர்த்திச் சுட்ட பாண்டத்தின்மேல் வெளிர் மெருகும் அடர் மெருகும் பூசி, மறுபடியும் சூளையில் வைப்பார்கள். வெப்பத்தில் இரண்டும் உருகி, ஒன்றோடொன்று கலந்து கீழ்நோக்கி ஓடும். அதனால் ஒரே அச்சில் வார்த்த இரண்டு மீன்களிலோ இரண்டு அன்னங்களிலோ கோடுகள் ஒன்றுபோல் அமைவதில்லை. சேர்ப்பவர்களை ஈர்ப்பதும் இந்தத் தனித்தன்மையே.

மேற்கே ஆல்பர்ட்டா மாகாணத்து மெடிசின் ஹாட் நகரின் ‘மெடால்டா’ பாண்டங்கள் வேறு வகை. நிலத்தடியில் தாராளமாகக் கிடைத்த இயற்கை எரிவாயு அங்கே சூளைகளுக்கு எரிபொருளானது. ஊறுகாயும் வெண்ணெயும் வைக்கும் கனத்த ஜாடிகள் அங்கே பெருமளவில் செய்யப்பட்டன. ஜாடியின் முகப்பில் உள்ள எண், அது எத்தனை காலன் கொள்ளும் என்பதைச் சொல்லும். 1954-இல் உற்பத்தி நின்றது. பழைய தொழிற்சாலை இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது.

வாங்குமுன் பாண்டத்தைக் கவிழ்த்து அடிப்பகுதியைப் பார்ப்பது முதல் பாடம். ப்ளூ மவுண்டன் பாண்டங்கள் பலவற்றில் நிறுவனப் பெயரோ அதன் முதலெழுத்துகளோ அச்சிலேயே பதிந்திருக்கும். மெருகு நிரம்பி எழுத்து மங்கியிருப்பதும் உண்டு. வேறு நிறுவனங்களும் இதே சாயலில் பாண்டங்கள் செய்ததால், பச்சை நிறத்தை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது. அடுத்து விளிம்பு, கைப்பிடி, மூக்கு ஆகிய இடங்களில் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தப்பும் சில்லுகளும் ஒட்டு வேலையும் விரலுக்குத் தப்புவது அரிது. மெருகில் வலைபோலப் படர்ந்த நுண்விரிசல்களும் மதிப்பைக் குறைக்கக்கூடும்.

பழைய மெருகுகளில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. ஆகவே இவற்றை அலங்காரப் பொருளாக மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது. புளிப்பான உணவையோ பானத்தையோ ஊற்றக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் மென்மையான துணியால் கையால் கழுவினால் போதும்.

ப்ளூ மவுண்டன் தொழிற்சாலை 2004-இல் மூடப்பட்டது. இனி அங்கிருந்து புதிய பாண்டம் வரப்போவதில்லை. இருப்பவற்றை உடையாமல் காப்பதும், எங்கே, எப்போது செய்யப்பட்டது என்ற விவரத்தைக் குறித்துவைப்பதும் சேர்ப்பவரின் கடமை.