உடம்பு கட்டுற கடன்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். மைக்கில் பேசிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குழு சோப்பு போடுகிற குழு என்று உங்களுக்குத் தெரியும். போன வருஷம் ஒரு வியாபாரி வந்தார். "சோப்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா அட்டையில கிருமியைக் கொல்லும்னு போட்டா இன்னும் நல்லாப் போகும். அதுக்கு ஒரு பவுடர் இருக்கு, துளி கலந்தாப் போதும். மாசம் ஆயிரம் கட்டி நானே எடுத்துக்கறேன்" என்றார். அப்போது எங்களுக்கு வங்கிக் கடன் பாக்கி இருந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் சரி என்றார்கள். அதில் நானும் ஒருத்தி.

அந்தப் பவுடர் பேர் டிரைக்ளோசான். நர்சிங் படிக்கிற என் நாத்தனார் மகளிடம் கேட்டேன். அவள் படித்துச் சொன்னதைத்தான் இங்கே சொல்கிறேன்.

இது 1972-இல் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன்னால் கை கழுவுவதற்காக வந்த மருந்து. அப்புறம் சோப்பு, பற்பசை, வாய் கொப்பளிக்கிற மருந்து என்று வீட்டுக்குள் வந்துவிட்டது. தோல் வழியாகக் கொஞ்சம்தான் உள்ளே போகும். வாய் வழியாகப் போனால் வேகமாக ரத்தத்தில் சேரும். ஸ்வீடனில் பத்துப் பேருக்கு 4 மில்லிகிராம் விழுங்கக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் ரத்தத்தில் உச்ச அளவுக்கு வந்துவிட்டது.

உள்ளே போனதை உடம்பு சும்மா விடுவதில்லை. கல்லீரல் அதோடு சர்க்கரை மாதிரி ஒரு துண்டை ஒட்டி, தண்ணீரில் கரைகிற மாதிரி ஆக்கிவிடும். சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே தள்ளும். எட்டு நாளில் அந்தப் பத்துப் பேர் ரத்தமும் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

அப்புறம் என்ன பயம் என்று நானும் கேட்டேன். நம்ம கணக்கிலேயே சொல்கிறேன். கடன் வாங்கினால் தவணை கட்டி முடித்துவிடலாம். தவணை கட்டுகிற அன்றைக்கே மறுபடி கடன் வாங்கினால்? பாஸ்புக்கில் பாக்கி என்றைக்கும் பூஜ்யம் ஆகாது. காலையில் பல் விளக்கும்போது கொஞ்சம், குளிக்கும்போது கொஞ்சம், ராத்திரி மறுபடி கொஞ்சம். அமெரிக்காவில் 2003-2004-இல் 2,517 பேர் சிறுநீரைச் சோதித்தார்கள். நாலில் மூணு பேரிடம் இது இருந்தது. தாய்ப்பாலிலும் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதற்காக யாரும் பால் கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். தாய்ப்பாலுக்கு ஈடு எதுவும் கிடையாது.

எலிகளுக்குக் கொடுத்த சோதனையில் தைராய்டு சுரப்பு குறைந்தது. தினமும் வருஷக்கணக்கில் போட்டால் மனுஷருக்கு ஒன்றும் ஆகாது என்று நிரூபியுங்கள், சாதா சோப்பைவிட நல்லது என்றும் காட்டுங்கள் என்று அமெரிக்க அரசு கம்பெனிகளைக் கேட்டது. அவர்களால் காட்ட முடியவில்லை. 2016-இல் கை, உடம்பு கழுவுகிற வீட்டு சோப்புகளில் இதைப் போடக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்கள்.

சாதா சோப்பு போதுமா? பக்கத்து நாட்டில் கராச்சியில் ஏழைகள் வசிக்கிற பகுதிகளில் வீடு வீடாக சோப்பு கொடுத்துப் பார்த்தார்கள். சில வீட்டுக்கு சாதா சோப்பு, சில வீட்டுக்கு டிரைக்ளோகார்பன் என்கிற கிருமிநாசினி கலந்த சோப்பு. சோப்பு போட்டுக் கை கழுவிய வீடுகளில் பிள்ளைகளின் வயிற்றுப்போக்கு பாதியாகக் குறைந்தது. இரண்டு சோப்புக்கும் வித்தியாசம் இல்லை. காப்பாற்றியது பவுடர் இல்லை சகோதரிகளே, கை கழுவுகிற பழக்கம்தான்.

கலிபோர்னியாவில் 100 பெண் பிள்ளைகள் இந்த மாதிரி மருந்துகள் கலக்காத சாமான்களுக்கு மூன்றே நாள் மாறினார்கள். அவர்கள் சிறுநீரில் டிரைக்ளோசான் 36 சதவீதம் குறைந்தது. கடன் வாங்குவதை நிறுத்தினால் உடம்பு தானே அடைத்துவிடும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வெளியே போனதும் எங்கேயோ போகவில்லை. நம்ம காவிரியிலும் தாமிரபரணியிலும் எடுத்த தண்ணீரில் இது இருந்ததாக ஆராய்ச்சி செய்தவர்கள் 2011-இல் எழுதியிருக்கிறார்கள். நாம் கழுவி விட்டது நம்ம ஆற்றில்தான் நிற்கிறது.

இதையெல்லாம் அடுத்த கூட்டத்தில் சொன்னேன். ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் வேண்டாம் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். வியாபாரி போய்விட்டார். கடன் அடைக்க நாலு மாசம் கூடுதலாக ஆனது. எல்லோருக்கும் கஷ்டம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் போன மாசம் அடைத்துவிட்டோம்.

உங்களிடம் கேட்பது மூன்று விஷயம். சோப்பு, பற்பசை வாங்கும்போது படிக்கிற பிள்ளைகளிடம் கொடுத்து அட்டையில் இந்த இரண்டு பேரும் இருக்கா என்று பார்க்கச் சொல்லுங்கள். புண்ணுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை அவர் சொன்னபடி போடுங்கள், அது வேறு விஷயம். சமைக்கும் முன்னாலும், கக்கூஸ் போய்விட்டு வந்த பிறகும் சாதா சோப்பு போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

எங்கள் குழு சோப்பு வெளியே மூன்றாவது மேஜையில் இருக்கிறது. அட்டையில் பெரிதாக ஒன்றும் எழுதவில்லை. உள்ளே என்ன போட்டோமோ அதை மட்டும் எழுதியிருக்கிறோம்.