நினைவு கணக்கை நடத்தும், தருக்கம் அதைத் திருத்தும்

(பத்மநாபபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



கணிதத் தருக்கமும் மனித நினைவாற்றலும் என்ற பொருளில் பேசப் பணித்திருக்கிறீர்கள். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கிய ஊர் இது. கம்பர் வழிபட்டதாக வழிவழியாகச் சொல்லப்படும் சரசுவதி, ஆண்டுதோறும் நவராத்திரிக்கு வேளிமலைக் குமாரசாமியோடும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையோடும் இங்கிருந்துதான் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகிறாள். கல்வித் தெய்வத்தின் ஊரில் கல்வியைப் பற்றிய ஒரு பழைய வழக்கை எடுத்துக்கொள்வது பொருத்தம். மனப்பாடம் பெரிதா, விளக்கம் பெரிதா என்பதே அந்த வழக்கு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நினைவு கணக்கை நடத்தும், தருக்கம் அந்தக் கணக்கைத் திருத்தும். இரண்டையும் எதிரெதிரே நிறுத்தியதில்தான் நம் பள்ளிக்கூடங்கள் நட்டப்பட்டன.

1. சதாவதானியின் கிழமைக் கணக்கு

நம் மாவட்டத்திலிருந்தே தொடங்குவோம். 1874-இல் இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கவனம் வைக்கும் சதாவதானத்தைச் செய்து காட்டினார். அவதானத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். ஒருவர் கணக்குப் போடுவார். ஒருவர் முதுகில் கல்லெறிந்துகொண்டே இருப்பார். எத்தனை கல் என்பதைக் கடைசியில் சொல்ல வேண்டும். இன்னொருவர் ஏதோ ஒரு தேதியைச் சொல்லிக் கிழமை கேட்பார்.

அந்த மண்டபத்தில் நடந்த நாளையே எடுத்துக்கொண்டு கிழமையைக் கண்டுபிடிப்போம். 1900 ஜனவரி 1 திங்கட்கிழமை. அங்கிருந்து 1907 ஜனவரி 1 வரை ஏழு ஆண்டுகள். ஓர் ஆண்டுக்கு ஒரு கிழமை நகரும்; 1904 நெட்டாண்டு என்பதால் ஒன்று கூடும். ஆக எட்டு. ஏழைத் தள்ளினால் ஒன்று, எனவே செவ்வாய். ஜனவரியின் 31 நாளில் ஏழேழாகத் தள்ளினால் மிச்சம் மூன்று, பிப்ரவரியில் மிச்சமே இல்லை, மார்ச்சில் கழிந்த ஒன்பது நாளில் மிச்சம் இரண்டு. மொத்தம் ஐந்து. செவ்வாயிலிருந்து ஐந்து தள்ளினால் ஞாயிறு. ஏழாண்டு நாட்களையும் தாண்டி வந்துவிட்டோம். ஆனால் ஒவ்வொரு படியிலும் நாம் கையில் வைத்திருந்தது ஏழுக்குக் குறைந்த ஒரே ஓர் இலக்கம். மற்றவற்றையெல்லாம் அங்கங்கே உதறிவிட்டோம்.

வெண்பாவும் அப்படித்தான். எதுகையும் தளையும் சேர்ந்து, ஓரிடத்தில் எந்தச் சொல் வரலாம் என்பதைச் சுருக்கிவிடுகின்றன. ஒரு சீர் நழுவினாலும், அந்த இடத்தில் பொருந்தக்கூடியவை சிலவே என்பதால் அதை மீட்டுவிடலாம். யாப்பு புலவனுக்கு விலங்கு என்பார்கள். அவதானிக்கு அது பிடிமானம். எதை மறக்கலாம் என்று தெரிந்தவரே நூறு பேர் நடுவில் நிமிர்ந்து உட்கார முடியும்.

2. ஏழும் நெல்லிலக்கமும்

உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. ஒரே நேரத்தில் மனம் பிடித்துவைக்கக்கூடியவை ஏறக்குறைய ஏழு கூறுகள் என்றார் அவர். பின்வந்தவர்கள் நான்குதான் என்று இன்னும் குறைத்தார்கள். ஆனால் ஒரு கூறு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு வரம்பு இல்லை. 1980-இல் எரிக்சன், சேஸ், ஃபலூன் மூவரும் வெளியிட்ட ஆய்வில், ஏழு இலக்கங்களையே திருப்பிச் சொல்ல முடிந்த ஒரு கல்லூரி மாணவர் 230 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயிற்சியில் 79 இலக்கங்களுக்கு உயர்ந்தார். அவர் ஓட்டப் பந்தய வீரர். இலக்கங்களை ஓட்ட நேரங்களாகக் கட்டிக்கொண்டார். எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தபோது பழையபடி ஆறுக்கு இறங்கிவிட்டார். வளர்ந்தது நினைவின் கொள்ளளவு அல்ல, எண்ணுக்கென்று கட்டிய ஒழுங்கு மட்டுமே.

நம் திண்ணைப் பள்ளிகளின் நெல் அளவை வாய்பாடான நெல்லிலக்கத்தில் இதே ஒழுங்கைக் காணலாம். ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். ஒரு கலத்தில் 3,840 செவிடு. அந்த எண்ணை எந்தப் பிள்ளையும் சுமக்க வேண்டியதில்லை. ஏறும் படி எதுவும் எட்டைத் தாண்டாது. பின்னத்திலும் அதே முறைதான். முந்திரி என்பது 1/320. இரண்டு முந்திரி அரைக்காணி, இரண்டு அரைக்காணி ஒரு காணி, நான்கு காணி ஒரு மா, ஐந்து மா கால்.

3. டூரிங்கின் கணக்கர்

இனித் தருக்கத்துக்கு வருவோம். 1936-இல் ஆலன் டூரிங் என்ற 24 வயது இளைஞர், கணக்கிடுதல் என்றால் என்ன என்பதற்கு இலக்கணம் எழுதினார். இன்றைய கணினிகளின் கோட்பாடு அங்கே தொடங்குகிறது. அவர் எடுத்துக்கொண்ட மாதிரி பென்சிலும் தாளும் கையுமாக இருக்கும் ஒரு மனிதர். அவருடைய மனநிலைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை, ஒரு நேரத்தில் பார்க்கும் கட்டங்களும் கொஞ்சமே. ஏன் என்பதற்கு டூரிங் காட்டும் காரணங்களில் ஒன்று, மனித நினைவு வரம்புடையது என்பது. நம் மறதி ஒரு கணிதக் கோட்பாட்டின் அடித்தளமாயிற்று!

அதே கட்டுரையில் இன்னொரு நுட்பமும் உண்டு. கணக்கர் இடையில் எழுந்து போகலாம். போகுமுன் அடுத்து என்ன செய்வது என்று ஒரு குறிப்பு எழுதி வைத்தால் போதும். திரும்பி வந்து அதைப் பார்த்து வேலையைத் தொடரலாம். அந்தக் குறிப்பே மனநிலையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நினைவின் ஒரு பகுதி தலைக்கு வெளியிலும் இருக்கலாம் என்பது இதன் பொருள்.

மறுபுறம், அறிவைப் பற்றிய தருக்கத்துக்கு 1962-இல் நூல் எழுதிய ஹிண்டிக்காவின் வழியில், ஒன்றை அறிந்தவர் அதன் விளைவுகள் அனைத்தையும் அறிந்தவர் ஆகிவிடுவார். மறதியே இல்லாத அப்படிப்பட்ட அறிஞர் உலகத்தில் கிடையாது. இந்த இடைவெளியை எப்படி அடைப்பது என்பது தருக்க ஆய்வில் இன்றும் வாழும் கேள்வி.

4. புதுச்சேரியின் சோழிகள்

டூரிங்குக்கு நூறாண்டுக்கு முன்பே அவருடைய கணக்கரைத் தமிழ் மண்ணில் ஒருவர் நேரில் பார்த்தார். அப்படிப் பார்த்த ஜான் வாரன் 1825-இல் சென்னையில் 'காலசங்கலித' என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் சாமி நாடன் சசியா என்று அவர் எழுத்துக்கூட்டிய பஞ்சாங்கக்காரர் ஒருவர், தரையில் சோழிகளை வைத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அட்டவணைகள் எழுத்தில் இல்லை. எண்களைச் சொற்களாகவும் அசைகளாகவும் கட்டி நெட்டுருப் போட்டிருந்தார். சோழிகள் டூரிங்கின் தாள், மனப்பாடம் அவருடைய விதிப்பட்டியல்.

எண்ணைச் சொல்லாக்கும் அந்தக் கலையில் ஒரு வகைதான் கடபயாதி. சங்கீதம் படிக்கும் பிள்ளைகளுக்கு அது தெரியும். மாயாமாளவகௌளையில் மா ஐந்து, யா ஒன்று. திருப்பிப் படித்தால் 15. மேளகர்த்தா வரிசையில் அதுவே அந்த இராகத்தின் எண்.

1825 மே 31-ஜூன் 1 இரவுக்கு வந்த கிரகணத்தில் அந்தப் பஞ்சாங்கக்காரரின் கணக்கு தொடக்கத்துக்கு நான்கு நிமிடம், நடுவுக்கு 23 நிமிடம், முடிவுக்கு 52 நிமிடம் பிசகியது. கருவி எதுவுமின்றி, சோழியும் நினைவுமாகச் செய்த கணக்குக்கு இது வியப்பான துல்லியம். ஆனால் வானியல் கோட்பாடு அவருக்குத் தெரியாது என்பதும் பதிவாகியிருக்கிறது. அந்த 52 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று அவரைக் கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்காது. விதியை ஓட்டத் தெரிந்தவருக்கு விதியைப் பழுதுபார்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

பழுதுபார்த்தவர்கள் மேற்கே இருந்தார்கள். கேரளத்துப் பரமேசுவரர் 55 ஆண்டுகள் கிரகணங்களையும் கோள்களையும் கவனித்து, கணக்குக்கும் கண்ணுக்கும் பொருந்தாத இடங்களைக் கண்டு 1431-இல் திருக்கணிதம் வகுத்தார். அடுத்த நூற்றாண்டில் ஜேஷ்டதேவர் 'யுக்திபாஷை'யில், விதிகள் ஏன் சரி என்பதற்கான நியாயங்களை மலையாளத்திலேயே எழுதினார். அவர்களும் நெட்டுருப் போட்டு வளர்ந்தவர்களே. ஆனால் அதோடு நிற்கவில்லை.

5. செய்ய வேண்டியது

தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் கணிதமும் நினைவும் இணைந்திருந்ததைக் கணித வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நினைவு அங்கே வெறும் ஒப்பிப்பு அல்ல, கற்கும் முறையே அதுதான் என்பது அவர் காட்டும் முடிவு. களத்தில் நெல் அளக்கவும் வயலில் நிலம் அளக்கவும் பயன்பட்ட வரை வாய்பாட்டு நூலான எண்சுவடிக்கு உயிர் இருந்தது. அளவை போனது, வாய்பாடு மட்டும் மிஞ்சியது. பிறகு வந்த தலைமுறை, அதை மூடப் பழக்கம் என்று ஒதுக்கியது. ஆனால் தேர்வுக்கு முன் அதே மூடப் பழக்கத்தைத்தான் இன்னும் கடுமையாகக் கேட்கிறது.

ஆசிரியர்களிடம் இரண்டு வேண்டுகோள். பிள்ளைகளை எதையேனும் மனப்பாடம் செய்யச் சொன்னால், அது எந்த விதியால் தன்னைத்தானே மீட்டுக்கொள்ளும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். விதி இல்லாத பட்டியல் தாளிலேயே இருக்கட்டும். தாள் அதற்குத்தான் இருக்கிறது என்று டூரிங்கே உத்தரவு கொடுத்துவிட்டார். அடுத்து, விடை சரியாக வந்த கணக்கையும் ஒருமுறை ஏன் என்று கேளுங்கள். பிசகிய பிறகு கேட்கத் தொடங்கினால் சொல்லக்கூடியவர் இருக்க மாட்டார்.

அறக்கட்டளையாரிடம் ஒரு வேண்டுகோள். இந்த மாவட்டத்தில் மரக்கால் கணக்கும் மனக்கணக்கும் தெரிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் விடையை மட்டும் பதிவு செய்யாதீர்கள்; எந்தப் படியில் எதைக் கையில் வைத்து, எதை உதறினார்கள் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுத இரண்டு மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுங்கள். நினைவைப் பற்றிய ஆய்வுக்கு அதைவிட நல்ல மூலப்பொருள் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காது.