கண்காணாப் பகையும் நமது கடமையும்



கண்ணுக்குப் புலனாகாத ஒரு பகையைப் பற்றி இன்று பேச முன்வந்துள்ளோம். நோய் விளைக்கும் பற்றீரியாக் கிருமிகளே அப்பகை. 1928ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் பிளெமிங் என்னும் அறிஞர் பெனிசிலினைக் கண்டறிந்தார். அம்மருந்து வழக்கிற்கு வந்தபின், முள் தைத்த புண்ணாலும் பிள்ளைப்பேற்றின்பின் வரும் காய்ச்சலாலும் மாண்டிருக்கக்கூடிய எத்தனையோ பேர் பிழைத்தனர். ஆயினும், 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே அவர் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். மருந்தைக் குறைவாக உட்கொண்டால் கிருமிகள் மடியாமல், அதனைத் தாங்கும் வன்மை பெறும் என்பதே அது.

அவ்வெச்சரிக்கை மெய்யாகிவிட்டது. 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களால் உலகில் ஏறக்குறைய 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என ஆய்வாளர் கணித்துள்ளனர்.

இவ்வடங்காமை எவ்வாறு உண்டாகிறது? நமது குடலில் வாழும் ஈ. கோலை என்னும் பற்றீரியா, வாய்ப்பான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒன்றாயிருந்தது 10 மணித்தியாலத்தில் நூறு கோடியைக் கடந்துவிடும். அத்தனை கோடியுள் சில சற்றே வேறுபட்டுப் பிறக்கின்றன. மருந்து மற்றவற்றைக் கொல்ல, வேறுபட்டவை எஞ்சிப் பெருகுகின்றன.

அவ்வேறுபாட்டை விளங்க உதவியவருள் ஒருவர், 1952இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். 1976இல் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றபின்பும், மீண்டும் மாணவராயிருந்து உயிரியலைக் கற்றவர் அவர். உயிரணுவினுள் புரதத்தை நெய்யும் தறி போன்றது இறைபோசோம். சாதாரண நுணுக்குக்காட்டி ஒரு மில்லிமீற்றரின் ஐயாயிரத்தில் ஒரு பங்குவரையே பிரித்துக் காட்டும். பற்றீரியாவின் இறைபோசோமோ அதனினும் ஏறத்தாழப் பத்து மடங்கு சிறியது. ஆகவே அதனைப் பளிங்காக்கி, எக்ஸ்-கதிர் செலுத்தி, அதன் சிறு பகுதியின் அமைப்பை 2000ஆம் ஆண்டில் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்டனர். காசநோய்க்கு வழங்கிய ஸ்திரெப்தோமைசின் அத்தறியில் எங்கே பற்றுகிறது என்பதும் புலனாயிற்று. பற்றுமிடத்தில் ஓர் உறுப்பு மாறினாலும் மருந்து தோற்றுவிடும். 2009இல் வேறிருவருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று உறைநிலை இலத்திரன் நுணுக்குக்காட்டி, பளிங்காக்காமலே இவ்வமைப்புகளைக் காட்டுகிறது.

கிருமிக்கு வேறு உபாயமும் உண்டு. பெனிசிலினுக்கு உறவான வன்மருந்துகளையும் சிதைக்கும் ஒரு நொதியத்தைச் சில பற்றீரியாக்கள் ஆக்குகின்றன; அதனை ஆக்கும் திறனைப் பிற கிருமிகளுக்கும் கைமாற்றுகின்றன. சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் கார்த்திகேயன் குமாரசாமியும் பிறரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய கிருமி மாதிரிகள் சென்னையில் 44உம் பிரித்தானியாவில் 37உம் காணப்பட்டன. கிருமிக்குக் கடலும் எல்லையன்று.

அன்பர்களே, வாவியும் வயலும் சூழ்ந்த நமது ஏறாவூரில் தமிழரும் முஸ்லிம்களும் அயலயலாக வாழ்கிறோம். ஒரு வீட்டில் வளர்த்த கிருமி அடுத்த வீட்டைச் சமயம் கேட்டு நுழைவதில்லை. தடிமனை உண்டாக்குவது வைரசு. அதற்கு இம்மருந்து பயன்படாது. ஆகவே வைத்தியர் எழுதித் தராத குளிசையை வாங்காதிருப்போம். அவர் சொன்ன அளவையும் நாளையும் தவறோம். காய்ச்சல் தணிந்ததென்று மிச்சத்தை அலுமாரியில் வைத்து அயலவர்க்கு ஈவது தருமமன்று, தீங்கு.

இளைஞர்களே, நமக்கு அண்மையில் வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் பிள்ளைகளுள் ஒருவரேனும் நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்து இப்பகையை ஆராயும் நாள் வருவதாக. அதுவரை, கையிலுள்ள மருந்தை வீணாக்காது காப்பது நம் எல்லோரதும் கடமையாகும்.