ஆமோஸின் நெருப்பு

ஹாலே நகரிலிருந்து பேசுகிறேன். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு படித்த ஊர். தமிழ் அச்செழுத்துகளை இங்கேதான் வார்த்து அனுப்பினார்கள். அவர் ரூத் வரை மொழிபெயர்த்த பழைய ஏற்பாட்டை பெஞ்சமின் சூல்ட்சே தொடர்ந்து 1728இல் முடித்தார். தீர்க்கதரிசிகள் அப்படித் தமிழில் அச்சேறினார்கள்.

அவர்கள் பேசும் நெருப்பு யாரைச் சுடுகிறது? ஆமோஸைப் பாருங்கள். தெக்கோவா ஊர் மேய்ப்பர். தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என அண்டை நாடுகள்மீது வரிசையாகத் தீ வரும் என்கிறார். இஸ்ரவேலர் மகிழ்ந்து கேட்டிருப்பார்கள். அடுத்து தன் சொந்த யூதாவைச் சொல்கிறார். கடைசியில் கேட்டுக்கொண்டிருப்பவர்களிடமே திரும்புகிறார்: ஒரு ஜோடி செருப்புக்காக ஏழையை விற்றவர்கள் நீங்கள்.

நம் கண்ணகி புகாரில் பிறந்தவள். அவள் எரித்தது தவறிய பாண்டியனின் மதுரையை. ஆமோஸின் தீயோ சொந்த வீட்டுக்கும் வருகிறது. மல்கியாவில் அது தட்டானின் உலை. அதில் புடம்போடப்படுபவர்கள் லேவியின் புத்திரர், அதாவது ஆலயப் பணியாளர்கள்.

தீர்ப்பு பிறருக்குத்தான் என்று வாசிப்பவர், ஆமோஸின் முதல் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார். இரண்டாவதையும் வாசியுங்கள்.